தன்னெழுச்சிக்கு மூன்று பிரதிகள்

கலைப் பேரவையின் தலைவர் லிஃப்டில் மாட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் முடிச்சக்காவுக்கு ஒரு தீங்கும் வந்திருக்காது. மாட்டிக்கொண்டார். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில், இருபது நிமிடம்.

முடிச்சக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் கதவை ஒரு சாண் அளவுக்கு நெம்பித் திறந்தபோது, உள்ளே தலைவர் வியர்த்து வழிந்தபடி, தன் பதவிக்காலம் முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே வேறு யாரும் இல்லை. பயந்துபோனவர்களுக்கு எதையாவது காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்கின் அனுபவம். போனைத் திறந்து தங்கள் வீட்டுப் பூனையின் படத்தைத் தேடினார். விரல் தவறி வேறொன்று வந்துவிட்டது.

“இது என்னய்யா?” என்றார் தலைவர், இடுக்கு வழியாக.

“என் சம்சாரம் வரைஞ்சதுங்க. கொஞ்சம் பொறுங்க, பிரேக்கை விடுவிக்கறேன்.”

“வரைஞ்சதா? எம்பிராய்டரி மாதிரியில்ல இருக்கு?”

“அதே தையல்தாங்க. ஊசி மட்டும் இல்லை.”

லிஃப்ட் நகர்ந்தது. தலைவருக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் அவர் செய்த முதல் காரியம், முகவரி கேட்டு வாங்கிக்கொண்டதுதான்.

முடிச்சக்கா இருபத்தெட்டு வருடமாக எம்பிராய்டரி செய்து பிழைப்பவள். டாக்டர் கோட்டில் பெயர், பள்ளிக்கூடச் சட்டையில் சின்னம், ஓட்டல் துண்டில் ஓரப்பூ. முடிச்சுத் தையல் போட்டாளென்றால் கடுகு மாதிரி உருண்டு நிற்கும். நகத்தால் கீறினாலும் அவிழாது. அதனால் கீழ்வீட்டு அச்சகக்காரர் முதல் எதிர் சலவைக்கடை வரை எல்லோருக்கும் அவள் முடிச்சக்காதான்.

அந்தப் படம் பிறந்ததற்குக் காரணம் அன்னப்பறவைகள். ஓர் ஓட்டல் பெரிய மேசை விரிப்பு ஒன்று கேட்டிருந்தது, நாற்பது அன்னங்களோடு. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அன்னத்தின் அச்சை நீலப் பொடியில் ஒற்றப்போகும் நேரத்தில் ஓட்டல் மூடப்பட்டதாகத் தகவல் வந்தது. முடிச்சக்கா துணியைப் பார்த்தாள். நீலக் கோடு இல்லாத வெள்ளைத் துணி தன் சட்டத்தில் கிடந்து அவள் பார்த்ததே இல்லை. பக்கத்தில் விளையாட்டுச் சட்டைகளுக்கு எண் எழுத வாங்கிய துணிப் பெயிண்ட் இருந்தது. கேக்கின் மேல் பூப்போடுகிற மாதிரி பிளாஸ்டிக் தாளைக் கூம்பாகச் சுருட்டி, பெயிண்ட்டை ஊற்றி, முனையைக் கத்தரித்தாள். நடுவிலிருந்து ஒரு சங்கிலித் தையல் இழுத்தாள்.

ஊசியில் ஒரு கண்ணி போட எடுக்கும் நேரத்தில் கூம்பில் ஒரு கண்ணிக் கூட்டமே ஓடியது. கை எங்கே போகிறது என்று கண்ணுக்குப் பிறகுதான் தெரிந்தது. கரும்பச்சைச் சங்கிலிகள் கூட்டம் கலைகிற மாதிரி நாலா பக்கமும் பிரிந்தன. ஒரு மூலையில் மஞ்சள் முடிச்சுகள் நெருக்கியடித்து நின்று, போகப் போக ஆளுக்கொரு பக்கமாய் ஒதுங்கின. குறுக்கே சாம்பல் நிறத்தில் மீன்முள் தையல், ஜன்னலில் அடிக்கும் சாரல் மாதிரி. அடுப்பில் பருப்பு கருகிப் பாத்திரம் ஓட்டையானபோதுதான் அவளுக்குச் சுற்றுப்புற நினைவு திரும்பியது.

சாயங்காலம் வந்த கணவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னது இது?”

“தெரியலீங்க.”

“நல்லா இருக்கு. ஏன் நல்லா இருக்குன்னுதான் புரியல.”

அதைக் கட்டிலுக்கு எதிரே மாட்டினார்கள். காலையில் கண் விழித்ததும் அதில் ஏதாவதொரு கண்ணியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய்விட்டு வராமல் முடிச்சக்காவுக்கு வேலையில் உட்கார முடியவில்லை. எந்தப் பொருளின் மீதும் அவளுக்கு அப்படி ஓர் ஆசை வந்ததில்லை.

பேரவையிலிருந்து கடிதம் வந்தது. ‘தங்களால் தன்னெழுச்சியாக வரையப்பட்டதாகக் கருதப்படும் பொருளை ஆய்வுக்காக நேரில் ஒப்படைக்கவும்.’ பேரவையில் தன்னெழுச்சி ஓவியத் துறை என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. மரபுத் தையலைத் தற்கால ஓவியமாக மாற்றுவதற்கென்று அந்தத் துறை ஆறு வருடமாக இயங்கி வந்தது. இதுவரை ஒருவரும் மாற்றாததால் எந்தக் குழப்பமும் இல்லாமல் இயங்கி வந்தது.

துறை இரண்டாம் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில் இருந்தது. எது எங்கே முடிகிறது என்று மூக்கால் சொல்ல முடியாது. பிரிவு அலுவலர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதே விரலால் முடிச்சக்காவின் துணியையும் புரட்டினார். மஞ்சள் முடிச்சு ஒன்றின் மேல் எச்சில் ஈரம் மினுங்கியது. முடிச்சக்கா முந்தானையால் அதைத் துடைக்கப் போனாள்.

“தொடாதீங்கம்மா. இனிமே இது ஆய்வுப் பொருள்.”

ரசீது கொடுத்தார். அதில் எழுதியிருந்தது: ‘துணி – ஒன்று. கறை படிந்தது.’

“கறை இல்லீங்க சார், படம்.”

“அது படமா இல்லையான்னு குழுதான் சொல்லணும். நானே படம்னு எழுதிட்டா அப்புறம் குழு எதுக்கு?” என்றார் அவர். நியாயமாகத்தான் இருந்தது. அங்கே எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

“எப்பங்க திருப்பித் தருவீங்க?”

“நீங்க முதல்ல விண்ணப்பமே போடலையே.”

விண்ணப்பம் பதினோரு பக்கம். மற்றதையெல்லாம் எப்படியோ நிரப்பினாள். பதினான்காவது கேள்வியில் நின்றுவிட்டாள். ‘தாங்கள் தன்னெழுச்சியாக வரையவிருக்கும் அடுத்த ஓவியத்தின் வரைபடத்தை மூன்று பிரதிகளில் இணைக்கவும். தன்னெழுச்சி தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடையில் தேநீர் இடைவேளை தேவையா என்பவற்றைக் குறிப்பிடவும்.’

“சார், என்ன வரப்போகுதுன்னு வரையறதுக்கு முன்னாடி எனக்கே தெரியாதுங்களே.”

பிரிவு அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். அறியாமையை அவர் தினமும் பார்க்கிறவர்.

“அம்மா, தன்னெழுச்சின்னு சொல்லிக்கிட்டு ஆளாளுக்கு மனசுல வந்ததை வரைஞ்சுட்டா நாடு தாங்குமா? அதைத் தடுக்கத்தானே இந்தத் துறையே இருக்கு!”

வீட்டில் கணவர்தான் வழி சொன்னார். “ஏதாவது ஒண்ணைப் போட்டுக் குடும்மா. துணி திரும்பி வந்தாப் போதும்.” முடிச்சக்கா பழைய அன்னப்பறவை அச்சை எடுத்து மூன்று தாளில் ஒற்றிக் கொடுத்தாள். மூன்றும் துளி பிசகாமல் ஒரே மாதிரி இருந்ததால் தன்னெழுச்சி உறுதியாகிறது என்று முதல் குறிப்பு எழுதப்பட்டது.

அடுத்தது பயிற்சி. தன்னெழுச்சியில் பன்னிரண்டு நாள் பயிற்சி பெறாதவர் தன்னெழுச்சியாளர் ஆகமாட்டார். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகளின் மனைவிமார் ஆறு பேர், அவர்களை வண்டியில் கொண்டுவந்து விட்ட டிரைவர் ஒருவர், ஏன் வந்தோம் என்று தெரியாத ஒருவர், பிறகு முடிச்சக்கா. பயிற்சியாளர் ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

“கையை விடுங்க! மனசை விடுங்க! எல்லாத்தையும் விடுங்க!” என்று கத்துவார். பிறகு விசில் ஊதுவார். “யாரது விசிலுக்கு முன்னாடி விட்டது?”

எல்லோருக்கும் புள்ளி வைத்த தாள் கொடுக்கப்பட்டது. ஒன்றிலிருந்து நூற்றைம்பது வரை எண்ணும் போட்டிருந்தது. அந்த வரிசையில் தன்னை மறந்து கோடு இழுக்க வேண்டும். முடிச்சக்கா நூற்றுப்பத்தில் கொஞ்சம் தன்னை மறந்துவிட்டாள். கோடு புள்ளியை விட்டு வெளியே ஓடி ஒரு சுழி சுழித்தது. பயிற்சியாளர் அவள் தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

“பாருங்க, இது பேர் தன்னெழுச்சி இல்லை. இது பேர் கவனக்குறைவு.”

அதிகாரிகளின் மனைவிமார் உச்சுக்கொட்டினார்கள். டிரைவருக்கு முதல் வகுப்பில் சான்றிதழ் கிடைத்தது. அவர் பன்னிரண்டு நாளும் தூங்கியதால் ஒரு புள்ளியைக்கூடத் தவறவிடவில்லை.

பயிற்சி முடிந்ததும் மரபு நிபுணர் வந்தார். தையலின் தரம் துணியின் பின்பக்கத்தில்தான் தெரியும் என்பது தொழில் தெரிந்த எவரும் சொல்வது. முடிச்சக்காவும் அதைத்தான் சொல்வாள். நிபுணர் வேறெதையும் சொல்லமாட்டார். முப்பது வருடமாகப் பின்பக்கங்களை மட்டுமே பார்த்துப் பார்த்து, மனிதர்களோடும் அவர்கள் முதுகுப் பக்கம் உட்கார்ந்தே பேசுகிறவராகிவிட்டிருந்தார். பயிற்சியின் கடைசி நாள் முடிச்சக்கா கூம்பால் வரைந்த துணியைத் திருப்பிப் போட்டார். வெள்ளையாக இருந்தது.

“பின்பக்கம் எங்கே?”

“ஐயா, இது பெயிண்ட்டுங்க. மேலேயே நின்னுடும். அந்தப் பக்கம் வராது.”

“பின்பக்கம் இல்லாதது மரபாகுமா? அந்தப் பக்கமும் போடும்மா.”

“அந்தப் பக்கம் என்னங்க போடறது?”

“முன்பக்கத்துக்குப் புள்ளிக்குப் புள்ளி பொருந்தணும். ஆனா அதைப் பார்த்துப் போடக்கூடாது. உள்ளேயிருந்து வரணும்.”

முடிச்சக்கா மூன்று நாள் உட்கார்ந்து பின்பக்கம் வரைந்தாள். நிபுணர் அதைப் பார்த்துத் திருப்தியடைந்து, இப்போது இதற்குப் பின்பக்கம் எங்கே என்று கேட்டார். திருப்பிக் காட்டினாள். முன்பக்கம் இருந்தது. “அற்புதம்,” என்று கையெழுத்துப் போட்டார்.

அவள் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். என் துணி எங்கே? ஆய்வில் இருக்கிறது என்றார்கள். எப்போது முடியும்? விழாவுக்குள் முடிந்துவிடும் என்றார்கள். நான் ஒரு தடவை பார்க்கலாமா? தலைவரைக் கேளுங்கள் என்றார்கள்.

தலைவர் தன் அறையில் ஓவியத் தூரிகையின் காம்பால் காது குடைந்துகொண்டிருந்தார். எடுத்துப் பார்த்தார், மேசை விளிம்பில் தேய்த்தார், மறுபடி குடைந்தார். அந்தத் தூரிகைகள் வருபவர்களின் பார்வைக்காகக் கண்ணாடிக் குவளையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றின் காம்பு நுனியும் மஞ்சளாக இருந்தது. முடிச்சக்கா பார்வையைத் தரைக்குத் திருப்பினாள். தரையில் பிஸ்கட் தூளும் எறும்பும்.

“நீங்கதானா அது! உங்களைக் கண்டுபிடிச்சதே நான்தான் தெரியுமா? அன்னிக்கு அந்த லிஃப்டுக்குள்ள, இருட்டுல, தனியா நான் ஒரு தேடல்ல இருந்தேன்.”

“துணியை ஒரு தடவை பார்த்துக்கறேனுங்க ஐயா.”

“விழாவுல பாருங்கம்மா. ஊரே பார்க்கப்போகுது. ஒத்தைப் பொருளா கொடுத்தீங்க. நாங்க அதைப் பெருக்கியிருக்கோம்.”

பெருக்கியிருக்கிறோம் என்று அவர் சொன்னதை முடிச்சக்கா வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தாள். கணவரிடம் சொன்னாள். அவர் கைக்கறையைத் துடைத்துக்கொண்டே, “பெரிய சட்டம் போட்டு மாட்டியிருப்பாங்க” என்றார். அவளும் நம்பினாள். விழாவுக்கு நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

அரங்கத்தில் நுழைந்ததும் அவள் கண் சுவரைத்தான் தேடியது. பெரிய சட்டம் எதுவும் இல்லை. வரிசையாகப் பதினான்கு சின்னச் சட்டங்கள் இருந்தன. கண்ணாடிக்குள் கைக்குட்டை அளவுக்கு ஒவ்வொரு துண்டுத் துணி. கிட்டே போனாள். முதல் சட்டத்தில் கரும்பச்சைச் சங்கிலி. பாதிக் கண்ணியில் கத்தரிக்கோல் போயிருந்தது. கீழே சீட்டு: ‘சங்கிலித் தையல், வகை அ.’ அடுத்ததில் சாம்பல் சாரல்: ‘மீன்முள் தையல், வகை ஆ.’ மஞ்சள் முடிச்சுகளைக் கூட்டம் கூட்டமாக வெட்டி மூன்று சட்டத்தில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய பசை ஓரமெல்லாம் கசிந்து பழுப்பேறி நின்றது. ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒரே வரி: ‘கருத்தாக்கம்: தலைவர். கைவேலை: பயனாளி.’

முந்தானையால் அந்தப் பசையைத் துடைக்கப் போனாள்; விரலில் கண்ணாடிதான் பட்டது.

“இது… இது என்னுதுங்க,” என்றாள் கணவரிடம். அவர் வகை ஆ-வின் முன்னால் நின்று, லிஃப்டில் அறுந்த கம்பியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

சிறப்பு விருந்தினர் வந்தார். எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள். தலைவர் பேச எழுந்தார்.

“இந்தப் படத்தை முதல்ல முழுசாப் பார்த்தப்போ எனக்கு ஒண்ணுமே புரியலை. வெளிப்படையாச் சொல்றேன். துறையில யாருக்குமே புரியலை. புரியாத ஒண்ணை அப்படியே விட்டுவைக்கிறது ஒரு பேரவைக்கு அழகா? அதனால வெட்டினோம். இப்ப பாருங்க, ஒவ்வொண்ணும் என்னன்னு சீட்டே சொல்லுது. சாதாரண மக்கள் வரையறாங்க. வரையட்டும். அது இயற்கை, மழை பெய்யற மாதிரி. ஆனா மழையைத் தொட்டியில பிடிச்சு, மூடி போட்டு, பூட்டி வெக்கறவங்க ஒருத்தர் வேணுமில்லையா? இந்த நாற்காலியில உட்கார்ந்த நாள்லேருந்து நான் ஒரு கோடு வரைஞ்சதில்லை. ஒரு தையல் போட்டதில்லை. அந்தத் தியாகத்தாலதான் இந்தத் துறை இன்னிக்கு இந்த நிலைமையில இருக்கு!”

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. “அடுத்து, சரியாகப் பதினொன்று பத்துக்கு, பயனாளி தன்னெழுச்சி பெறுவார்,” என்று பிரிவு அலுவலர் அறிவித்தார்.

மேடையில் பெரிய வெள்ளைத் துணி. அதில் நீலப் பொடியில் நாற்பது அன்னங்கள் ஒற்றியிருந்தன. முடிச்சக்கா கொடுத்த வரைபடத்தைத் துறை பெருக்கியிருந்தது. அவள் கையில் கரும்பச்சைக் கூம்பைக் கொடுத்தார்கள். பயிற்சியாளர் விசில் ஊதினார்.

முடிச்சக்கா முதல் அன்னத்தின் அலகில் முனையை வைத்தாள். ஒரு கண்ணி. இரண்டு கண்ணி. மூன்றாவது கண்ணி அலகைத் தாண்டிப் போயிற்று. நாலாவது துணியைத் தாண்டிப் போயிற்று. அவளும் கூடவே போனாள், மேடையை விட்டு இறங்கி, சுவர் வரைக்கும்.

வகை அ-வுக்கும் வகை ஆ-வுக்கும் நடுவே ஒரு சாண் சுவர் இருந்தது. கிழிந்த துணியை இணைக்கப் போடுகிற மீன்முள் தையலை அவள் அங்கே போட்டாள், இந்தக் கண்ணாடியில் ஒரு கால், அந்தக் கண்ணாடியில் ஒரு கால். சட்டத்தின் மேல் ஏறியது, சீட்டின் மேல் போனது, ‘கருத்தாக்கம்’ மறைந்தது. அடுத்த சட்டம். அதற்கடுத்தது. வரிசை மாறி மாட்டப்பட்ட துண்டுகளுக்கு அவள் குறுக்கும் நெடுக்குமாக ஓட வேண்டியிருந்தது. எது எதனோடு சேர்ந்திருந்தது என்பது அவள் கைக்கு மனப்பாடமாக இருந்தது. வழியில் தலைவரின் பெரிய புகைப்படம் தொங்கியது. சுற்றிப் போக நேரமில்லை. நெற்றியிலிருந்து தாடை வரை எட்டுத் தையல்.

கூம்பு தீர்ந்தது. திரும்பாமலே கையை நீட்டினாள். மெக்கானிக் மேடையிலிருந்து அடுத்த கூம்பை எடுத்துவந்து அந்தக் கையில் வைத்தார்.

பதினான்கும் ஒன்றானதும் முடிச்சக்கா பின்னால் நகர்ந்து பார்த்தாள். முன்பிருந்தது இல்லை அது. வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். ஆனால் ஒவ்வொரு வெட்டும் பச்சையாக, தடித்து, எல்லோருக்கும் தெரியும்படி நின்றது.

சிறப்பு விருந்தினர் இதெல்லாம் நிகழ்ச்சி நிரலில் உள்ளது என்று நினைத்துக் கைதட்டினார். அவர் தட்டியதால் தலைவரும் தட்டினார். தலைவர் தட்டியதால் அரங்கமே எழுந்து நின்று தட்டியது. விருந்தினரின் வண்டி வாசலைத் தாண்டும் வரை தட்டிக்கொண்டிருந்துவிட்டு, உடனே விசாரணைக் குழு அமைத்தார்கள்.

விசாரணையில் பிரிவு அலுவலர் கோப்பைப் பார்த்துக் கேட்டார். “அனுமதி வாங்கின மேடைத் துணியில நாற்பது அன்னம் இருக்கு. சுவர்ல ஒரு அன்னம்கூட இல்லையே, ஏன்?”

“தோணலீங்க.”

“வேற என்னதான் தோணுச்சு?”

“சேர்க்கணும்னு தோணுச்சு.”

“எப்ப?”

“அப்பவேதாங்க.”

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. தலைவர் பெருமூச்சு விட்டார். “எனக்கு இந்தம்மா மேல தனிப்பட்ட கோபம் ஒண்ணுமில்லை. ஆனா நடந்தது எதிர்பாராதது. எதிர்பாராததுக்கு எங்க துறையில எப்பவுமே இடம் கொடுத்ததில்லை.”

முடிச்சக்கா மூன்று வருடங்களுக்குத் தன்னெழுச்சி பெறக்கூடாது என்று ஆணை வந்தது. சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தார்கள். துண்டுகளைத் திருப்பித் தரக் கேட்டதற்கு, அவை பச்சைப் பெயிண்ட்டால் சேதமாகிவிட்டதால் அழிக்கப்பட்டுவிட்டன என்றும், சேதப்படுத்தியவர் விவரம் கோப்பில் உள்ளது என்றும் பதில் வந்தது. அதைப் படித்த அன்று அவள் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் கணவர் கெஞ்சியதால் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் காலையில் கட்டிலுக்கு எதிரே இருந்த வெறும் சுவரின் முன் நாற்காலியைப் போட்டு, பெயிண்ட் கூம்போடு ஏறினாள்.

ஆணையை மேற்பார்வை செய்ய மாதாமாதம் ஓர் ஆய்வாளர் வந்தார். முதல் முறை வந்தபோது, படிக்கட்டு ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டே படிவத்தை எடுத்தார். முடிச்சக்காவின் முழங்கை வரை பெயிண்ட். அவருக்குப் பின்னால் சுவரில், கூரையிலிருந்து தரை வரை பெயிண்ட் தையல், ஒரு மூலை மட்டும் பாக்கி.

“கடந்த முப்பது நாள்ல உங்களுக்குத் திடீர்னு ஏதாவது தோணுச்சாம்மா?”

“இல்லீங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அப்ப இது?”

“யோசிச்சுப் பண்ணதுங்க.”

“எத்தனை நாளா யோசிச்சீங்க?”

“இருபத்தெட்டு வருஷமாங்க.”

அதற்கான கட்டம் படிவத்தில் இல்லை. ‘தன்னெழுச்சி ஏதும் காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடினார். பிறகும் போகவில்லை. கழுத்தைச் சாய்த்து அந்த மூலையைப் பார்த்தார்.

“இங்க அடுத்து என்ன வரும்?”

“அது எனக்கு எப்படிங்க தெரியும்?” என்று சொல்லிவிட்டு, முடிச்சக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆய்வாளர் மூடிய பேனாவைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார்.

“அடுத்த தடவை நான் வரும்போது அதுக்கும் ஒரு பதில் வெச்சிருங்கம்மா. எங்களுக்கு எழுதியாகணும்.”

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரைகூடக் காத்திராமல் அவள் மறுபடி நாற்காலியில் ஏறினாள்.